கல்ட் ராக் குழுக்களும் தனி ஆல்பங்களும்: விற்பனை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் எந்தக் குழுக்கள் பேசப்படுகின்றன?

வானொலியில் நாள்தோறும் ஒலிக்காவிட்டாலும், வெளியிடும் ஒவ்வொரு இசைத்தட்டையும் தேடி வாங்கும் தீவிர ரசிகர் கூட்டத்தைப் பெற்ற பிரிட்டிஷ் ராக் குழுக்கள் இங்கே பேசப்படுகின்றன. யெஸ், மரில்லியன், ஸ்மித்ஸ், ஜப்பான், பௌஹாஸ், வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர், ஃபேர்போர்ட் கன்வென்ஷன், போர்க்குபைன் ட்ரீ ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பிங்க் ஃபிளாய்டும் ஜெனிசிஸும் பிற்காலத்தில் விளையாட்டு மைதானங்களை நிரப்பும் அளவுக்கு வளர்ந்துவிட்டன என்றாலும், அவை சிறு வட்டத்துக்குள் இருந்த காலத்தில் விலகியவர்களைக் கருதி அவற்றையும் சேர்த்திருக்கிறேன். பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் போன்றோருக்குக் கணக்கே வேறு. அவர்கள் இங்கே இல்லை. வேறு குறிப்பு இல்லாத இடங்களில் தரப்படும் இடம் அனைத்தும் பிரிட்டனின் வாராந்திர ஆல்பம் விற்பனைப் பட்டியலில் அந்த ஆல்பம் எட்டிய உச்ச இடமாகும்.

குழுவின் ரசிகர்கள் அனைவரும் உறுப்பினரின் தனி ஆல்பத்தையும் வாங்குவார்களா?

வாங்குவதில்லை. ஒரு குழுவின் பெயரைப் பார்த்ததும் கடைக்கு ஓடுகிறவர்களில் ஒரு பகுதியினர்தான் அதே குழுவின் கிதார் கலைஞர் தம் சொந்தப் பெயரில் வெளியிடும் தட்டைக் கையில் எடுக்கிறார்கள். அந்தப் பகுதி எவ்வளவு பெரியது என்பதை அவர் எவ்வளவு திறமையானவர் என்பது தீர்மானிப்பதில்லை. கேட்பவர்கள் எந்த ஒலியை அந்தக் குழுவின் ஒலியாக மனத்தில் வைத்திருக்கிறார்களோ, அந்த ஒலி யாரோடு போகிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய எல்லாக் குழுக்களிலும் அது பாடகரின் குரல். பாடலுக்கு மெட்டமைத்தவரும் கிதாரில் அதன் முகத்தையே வரைந்தவரும் வேறொருவராக இருந்தாலும், விற்பனை பாடகரின் பின்னால்தான் போகிறது. இது நியாயமா என்பது வேறு விஷயம்.

இதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

ஒரு நல்ல வாய்ப்பை யெஸ் குழுவே ஏற்படுத்திக் கொடுத்தது. 1974-இல் வெளியான 'ரிலேயர்' ஆல்பம் 4-ஆம் இடத்தைத் தொட்டு, அதற்கான நீண்ட சுற்றுப்பயணமும் முடிந்த பிறகு, குழுவில் அப்போது இருந்த ஐவரும் ஓய்வு எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு தனி ஆல்பம் செய்வது என்று முடிவெடுத்தார்கள். ஒரே குழு, ஒரே ரசிகர் கூட்டம், ஏறக்குறைய ஒரே காலம். ஆகவே வேறுபாடுகளுக்குக் காரணம் தேடுவது எளிது.

கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹவ் 1975-இல் வெளியிட்ட 'பிகினிங்ஸ்' 22-ஆம் இடத்தையும், பேஸ் கிதார் கலைஞர் கிறிஸ் ஸ்குவயரின் 'ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்' 25-ஆம் இடத்தையும் எட்டின. அடுத்த ஆண்டு கீபோர்டு கலைஞர் பாட்ரிக் மொராஸின் 'தி ஸ்டோரி ஆஃப் ஐ' 28-ஆம் இடத்திலும், டிரம்ஸ் கலைஞர் ஆலன் ஒயிட்டின் 'ராம்ஷாகில்டு' 41-ஆம் இடத்திலும் நின்றன. பாடகர் ஜான் ஆண்டர்சன் வெளியிட்ட 'ஒலியாஸ் ஆஃப் சன்ஹில்லோ' மட்டும் 8-ஆம் இடத்துக்கு ஏறியது.

ஐந்தையும் கேட்டுப் பார்த்தால் இந்த வரிசை வியப்பளிக்கும். யெஸ் குழுவின் இசைக்கு மிக நெருக்கமானது ஸ்குவயரின் ஆல்பம்தான். அந்தத் தடித்த பேஸ் ஒலி, நீண்ட பாடல்கள், வாத்தியக்குழுவின் பின்னணி, முன்னாள் டிரம்ஸ் கலைஞர் பில் புரூஃபோர்டின் வாசிப்பு என்று அனைத்தும் அதில் இருக்கின்றன. ஆண்டர்சனின் ஆல்பமோ அவர் ஒருவரே எல்லா வாத்தியங்களையும் வாசித்து, மாதக்கணக்கில் அடுக்கடுக்காகப் பதிவு செய்த, வேறோர் உலகத்துக்குக் கப்பலில் புலம்பெயரும் மக்களைப் பற்றிய கற்பனைக் கதை; அதில் ஹவ்வின் கிதாரும் இல்லை, ஸ்குவயரின் பேஸும் இல்லை. இருந்தும் முதல் பத்துக்குள் வந்தது அது ஒன்றுதான். ஹவ் தம் ஆல்பத்தில் தாமே பாடத் துணிந்தார். கிதாரைப் புகழ்ந்தவர்களே பாட்டைக் குறை சொன்னார்கள். ஒயிட்டின் ஆல்பத்தில் ஆண்டர்சனும் ஹவ்வும் ஒரு பாடலில் பங்கேற்றிருந்தும், அதன் பெரும்பகுதி சோல், ஃபங்க் சாயல் கொண்டது என்பதால் யெஸ் ரசிகர்கள் அதைத் தங்களுடையதாகக் கருதவில்லை.

ஆனால் கடைசி இடம் பெற்றவரும் முதல் ஐம்பதுக்குள் வந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. வேறு எந்தக் காலத்திலும் ஒரு டிரம்ஸ் கலைஞரின் முதல் தனி முயற்சிக்கு இவ்வளவு எளிதில் வாசல் திறந்திருக்காது. குழுவின் பெயர் அன்று தாங்கிய சுமை அது.

ரிக் வேக்மேன் பாடகர் அல்லவே, அவர் எப்படி முதலிடம் பிடித்தார்?

இந்த விதிக்கு மிகப் பெரிய விலக்கு அவர்தான். யெஸ் குழுவில் இருந்தபோதே 1973-இல் வெளியிட்ட, எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரைப் பற்றிய வாத்திய இசை ஆல்பம் 7-ஆம் இடத்தை எட்டியது. 1974 ஜனவரியில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் சிம்பொனி இசைக்குழு, பாடகர் குழு, கதை சொல்லி ஆகியோருடன் மேடையிலேயே பதிவு செய்யப்பட்ட 'ஜர்னி டு த சென்டர் ஆஃப் தி எர்த்' அந்த ஆண்டே முதலிடத்துக்கு வந்தது. அமெரிக்காவிலும் 3-ஆம் இடம். அதே சமயத்தில் அவர் குழுவிலிருந்தும் விலகினார். 1975-இல் ஆர்தர் மன்னரைப் பற்றிய ஆல்பம் 2-ஆம் இடம் பெற்றது.

வேக்மேன் வெற்றி பெற்றதற்கு என் கணிப்பில் காரணம், அவர் யெஸ் ரசிகர்களை மட்டும் நம்பி விற்கவில்லை என்பதே. பள்ளிக்கூடத்தில் படித்த வரலாறு, எல்லோரும் அறிந்த நாவல், ஊர் முழுவதும் தெரிந்த புராணம் என்று அவர் எடுத்த பொருள் எதுவும் ராக் இசையை அறியாத வீட்டிலும் புரியக்கூடியது. பளபளக்கும் நீண்ட அங்கி, சுற்றிலும் கீபோர்டுகள் என்ற அவர் தோற்றமும் ஒரு பாடகரின் முகத்துக்கு நிகராக வேலை செய்தது. ஆனால் விற்பனையும் வருமானமும் ஒன்றல்ல என்பதற்கும் அவரே சாட்சி: ஆர்தர் மன்னர் கதையை 1975-இல் வெம்ப்ளியில் பனிச்சறுக்குத் தளத்தின் மீது பிரம்மாண்டமாக அரங்கேற்றியது அவருக்குப் பெரும் நட்டத்தையே தந்தது.

பாடகர் விலகிய பிறகும் குழு தொடர்ந்தால், ரசிகர்கள் யார் பக்கம் நிற்பார்கள்?

முதலில் இரண்டு பக்கமும் நிற்பார்கள். காலம் போகப் போகக் குழுவின் பெயர் வெல்லும். மரில்லியனும் ஃபிஷ்ஷும் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு.

ஃபிஷ் என்ற மேடைப் பெயரால் அறியப்பட்ட ஸ்காட்லாந்துப் பாடகர் பாடிய காலத்தில் மரில்லியன் 1985-இல் 'மிஸ்பிளேஸ்டு சைல்ட்ஹுட்' ஆல்பத்தால் முதலிடம் பெற்றது. 1987-இல் வந்த அடுத்த ஆல்பம் 2-ஆம் இடம். 1988-இல் அவர் விலகினார். குழு ஸ்டீவ் ஹோகார்த் என்ற புதிய பாடகரைச் சேர்த்துக்கொண்டு 1989 செப்டம்பரில் 'சீசன்ஸ் எண்ட்' ஆல்பத்தை வெளியிட்டது. இரு தரப்புக்கும் நிறுவனம் ஒன்றே: ஈஎம்ஐ. ஃபிஷ்ஷின் முதல் தனி ஆல்பம் முன்பே தயாராகிவிட்ட போதிலும், இரண்டும் ஒரே வாரங்களில் கடைக்கு வந்து ஒன்றையொன்று தின்றுவிடக் கூடாது என்று அதை நிறுத்திவைத்து 1990 ஜனவரியில்தான் வெளியிட்டார்கள். குழு 7-ஆம் இடம், பாடகர் 5-ஆம் இடம். பாகப்பிரிவினை சமமாக முடிந்தது என்றே அன்று தோன்றியிருக்கும். சொல்லப்போனால் பாடகருக்குக் கொஞ்சம் கூடுதல்.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. 1991-இல் குழுவின் 'ஹாலிடேஸ் இன் ஈடன்' மீண்டும் 7-ஆம் இடம் பெற, பாலிடோர் நிறுவனத்துக்கு மாறிய ஃபிஷ்ஷின் 'இன்டர்னல் எக்ஸைல்' 21-ஆம் இடத்தில் நின்றது. 1994-இல் குழு 10, பாடகர் 18. 1997-இல் குழு 27, பாடகர் 42. இரு கோடுகளும் கீழ்நோக்கித்தான் சென்றன. பாடகரின் கோடு எப்போதும் சற்றுக் கீழே இருந்தது.

மேலே நான் சொன்ன விதிக்கு இது முரணல்லவா என்று கேட்கலாம். குரல் யாரோடு போகிறதோ அவர் பக்கம் முதல் ஆல்பம் விற்கிறது என்பதை 1990 காட்டுகிறது. ஆனால் கடைக்காரர், வானொலி, அரங்க உரிமையாளர், சுவரொட்டியைப் பார்த்து நுழைவுச்சீட்டு வாங்குகிறவர் ஆகிய எல்லோரும் அறிந்திருப்பது குழுவின் பெயரைத்தான். புதிய பாடகரோடு இரண்டு மூன்று ஆல்பங்கள் வந்துவிட்டால், பெயரும் பழைய ஒலியின் பாதியும் குழுவிடம் இருக்க, குரல் மட்டும் வெளியே நிற்கிறது. இதில் 1990களின் நடுப்பகுதியில் இந்த வகை இசைக்கே பிரிட்டிஷ் இசை இதழ்களில் மதிப்பில்லாமல் போனதும் சேர்ந்துகொண்டது.

முதல் தனி ஆல்பம் நன்றாக விற்று, அடுத்தடுத்தவை சரிவது ஏன்?

முதல் ஆல்பத்தை வாங்குகிறவர்களில் பலர் உண்மையில் குழுவின் அடுத்த ஆல்பத்தைத்தான் வாங்குகிறார்கள். ஜப்பான் குழுவின் பாடகர் டேவிட் சில்வியன் 1984-இல் வெளியிட்ட 'பிரில்லியண்ட் ட்ரீஸ்' 4-ஆம் இடத்தை எட்டியது. அவருடைய குழு தன் வாழ்நாளில் எந்த ஸ்டூடியோ ஆல்பத்தாலும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. குழு மிகவும் புகழோடு இருந்த நேரத்தில் கலைந்துவிட்டது என்பதால், அதற்காகக் காத்திருந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு தட்டை நோக்கி வந்தார்கள். அவரோ ஜாஸ் வாத்தியங்களையும் மெதுவான, அமைதியான இசையையும் நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். 1986-இல் 24-ஆம் இடம், 1987-இல் 37-ஆம் இடம் என்று இறங்கியது. அந்த 1987 ஆல்பமான 'சீக்ரட்ஸ் ஆஃப் தி பீஹைவ்' அவருடைய படைப்புகளில் தலைசிறந்தது என்று கருதுவோர் பலர்; நானும் அவர்களில் ஒருவன்.

ஸ்மித்ஸ் பாடகர் மோரிஸியின் வழி வேறு. குழு கலைந்து ஓராண்டு ஆகும் முன்பே, 1988 மார்ச்சில், 'விவா ஹேட்' முதலிடம் பெற்றது. அதற்கு முன் வெளியான 'ஸ்வேட்ஹெட்' என்ற ஒற்றைப் பாடல் 5-ஆம் இடம் பெற்று, ஸ்மித்ஸ் குழு இருந்த காலத்தில் அதன் எந்தப் பாடலும் தொடாத உயரத்தைத் தொட்டது. 1991-இல் 8-ஆம் இடத்துக்குச் சரிந்தவர் 1994-இல் மீண்டும் முதலிடம் வந்தார். அவர் பாடல்களின் குணம் ஸ்மித்ஸ் காலத்திலிருந்து பெரிதாக மாறவில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம். குழுவின் இன்னொரு தூணான கிதார் கலைஞர் ஜானி மார் தம் சொந்தப் பெயரில் மட்டும் ஓர் ஆல்பம் வெளியிட 2013 வரை காத்திருந்தார். 'தி மெசஞ்சர்' 10-ஆம் இடம் பெற்றது; அடுத்தவை 9, 7 என்று ஏறின. முதல் ஆல்பத்தைவிட இரண்டாவதும், அதைவிட மூன்றாவதும் மேலே போன தனிக்கலைஞர்கள் இந்த உலகில் மிகக் குறைவு.

5-ஆம் இடம் என்றால் எத்தனை பிரதிகள் விற்றன என்று பொருள்?

அதிலிருந்து பிரதிகளின் எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க முடியாது. பட்டியலில் உள்ள இடம் அந்த ஒரு வாரத்தில் மற்ற ஆல்பங்களோடு ஒப்பிடும்போது எங்கே நின்றது என்பதை மட்டுமே சொல்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் 20-ஆம் இடம் பெறும் ஆல்பம், ஜனவரி மாத மந்தத்தில் 5-ஆம் இடம் பெறுவதைவிட அதிகம் விற்றிருக்கலாம். இன்று சில ஆயிரம் பிரதிகள் விற்றாலே முதல் பத்துக்குள் நுழையக்கூடிய வாரங்கள் உண்டு.

கணக்கெடுக்கும் முறையும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1970களில் தேர்ந்தெடுக்கப்பட்ட சில நூறு கடைகள் கையால் எழுதி அனுப்பிய பதிவுகளை வைத்தே பட்டியல் தயாரானது. 1983-இல் கேலப் நிறுவனம் பொறுப்பேற்ற பிறகுதான் மின்னணு முறையில் விவரம் சேகரிப்பது தொடங்கியது. 2015 மார்ச் முதல் இணையத்தில் ஓடவிட்டுக் கேட்பதும் ஆல்பம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆகவே 1976-இன் 8-ஆம் இடத்தையும் 2018-இன் 7-ஆம் இடத்தையும் அருகருகே வைத்து எது அதிகம் விற்றது என்று வாதிடுவதில் பயனில்லை; நான் இங்கே அத்தகைய ஒப்பீட்டை ஒரே காலத்துக்குள் மட்டுமே செய்கிறேன்.

கல்ட் கலைஞர்களுக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அவர்களுடைய ரசிகர்கள் வெளியாகும் நாளுக்காகக் காத்திருந்து முதல் வாரத்திலேயே வாங்கிவிடுகிறார்கள். ஆல்பம் உயரத்தில் நுழைந்து, இரண்டாம் வாரம் பாதாளத்துக்கு இறங்கி, மூன்றாம் வாரம் காணாமல் போகிறது. உச்ச இடத்தைவிடப் பட்டியலில் எத்தனை வாரம் தங்கியது என்பதே ரசிகர் வட்டத்துக்கு வெளியே சென்றதா என்பதைக் காட்டும்.

வெள்ளி, தங்கம், பிளாட்டினம் விருதுகள் நம்பத்தக்கவையா?

பிரிட்டனில் ஆல்பத்துக்கு 60,000 என்றால் வெள்ளி, 1,00,000 என்றால் தங்கம், 3,00,000 என்றால் பிளாட்டினம். அமெரிக்காவில் 5,00,000 தங்கம், 10 லட்சம் பிளாட்டினம். ஆனால் நெடுங்காலம் வரை பிரிட்டனில் இவை கடைகளுக்கு அனுப்பப்பட்ட பிரதிகளை வைத்து, நிறுவனம் விண்ணப்பித்தால் மட்டுமே வழங்கப்பட்டன. கடைக்குப் போன தட்டு வாடிக்கையாளர் கைக்குப் போகாமல் திரும்பி வருவதும் உண்டு. 2013-க்குப் பிறகுதான் உண்மையான விற்பனைத் தரவின் அடிப்படையில் தானாகவே வழங்கும் முறை வந்தது. அதனால் ஒரு பழைய தனி ஆல்பத்துக்கு விருது இல்லை என்றால் அது விற்கவில்லை என்று பொருளல்ல. விண்ணப்பிக்க யாரும் அக்கறை கொள்ளவில்லை என்றும் இருக்கலாம்.

வெளியானபோது விற்காத ஆல்பம் பிற்காலத்தில் விற்பது உண்டா?

உண்டு, சிட் பாரெட்டின் கதை அதுதான். பிங்க் ஃபிளாய்டின் முதல் பாடகரும் முதன்மைப் பாடலாசிரியருமான அவர் மனநிலை குன்றியதால் 1968-இல் குழுவிலிருந்து விலக நேர்ந்தது. 1970 ஜனவரியில் வெளியான 'தி மேட்கேப் லாஃப்ஸ்' 40-ஆம் இடத்தை எட்டியது. பல தயாரிப்பாளர்கள் கைமாறி, நின்று நின்று பதிவான ஆல்பம் அது. பழைய தோழர்கள் டேவிட் கில்மோரும் ரோஜர் வாட்டர்ஸும் கடைசிக் கட்டத்தில் கைகொடுத்து முடித்தார்கள். சில பாடல்களின் தொடக்கத்தில் அவர் தடுமாறி நிறுத்தி மறுபடி தொடங்குவதைக்கூட அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு நவம்பரில் வந்த 'பாரெட்' பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. அத்துடன் அவருடைய இசை வாழ்க்கை ஏறத்தாழ முடிந்துவிட்டது.

1973-இல் பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' உலகெங்கும் விற்றுக் குவித்தபோது, இந்தக் குழு எங்கிருந்து வந்தது என்று புதிய ரசிகர்கள் பின்னோக்கித் தேடினார்கள். 1974-இல் அமெரிக்காவில் பாரெட்டின் இரு ஆல்பங்களையும் ஒரே உறையில் சேர்த்து இரட்டைத் தட்டாக வெளியிட்டார்கள். அது அங்கே 163-ஆம் இடத்தைத் தொட்டது. பெரிய எண் அல்ல. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட, விளம்பரத்துக்கு ஒரு நேர்காணல்கூடக் கொடுக்க வராத ஒருவருக்கு அது கிடைத்தது. 1988-இல் வெளியாகாத பதிவுகளைத் திரட்டி 'ஓப்பல்' வந்தது. 2006-இல் அவர் இறக்கும் வரையிலும் அதன் பிறகும் அந்த இரு ஆல்பங்களும் மறுபதிப்புக் கண்டபடியே இருக்கின்றன. இங்கே குழுவின் பெயர் தனி ஆல்பத்தை விற்றது. அதுவும் அவர் பங்கே இல்லாத ஓர் ஆல்பத்தின் புகழால். மற்றபடி, அவருக்குப் பிற்காலத்தில் பெரிய வருமானம் தந்தவை அவர் பிங்க் ஃபிளாய்டுக்காக எழுதிய பாடல்களே. 2001-இல் வந்த குழுவின் தேர்ந்தெடுத்த பாடல்களின் தொகுப்பில் அவருடைய பாடல்கள் ஐந்து இடம்பெற்றன.

சொந்த நாட்டில் விற்காமல் வெளிநாட்டில் விற்ற தனி ஆல்பங்கள் உள்ளனவா?

பௌஹாஸ் குழுவின் பாடகர் பீட்டர் மர்ஃபி அத்தகையவர். பிரிட்டனில் 1982-இல் குழுவின் ஆல்பம் 4-ஆம் இடம் வரை சென்றிருந்தும், கலைந்த பிறகு அங்கே அவரைக் கண்டுகொள்வார் குறைவு. அமெரிக்காவிலோ அவருடைய 'டீப்' ஆல்பம் 1990-இல் 44-ஆம் இடத்துக்கு வந்தது. அதன் 'கட்ஸ் யூ அப்' பாடல் அந்நாட்டின் மாற்று ராக் வானொலிப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. கல்லூரி வானொலிகளின் வழியே அங்கே ஒரு தனிச் சந்தை உருவாகியிருந்தது காரணம். அதே குழுவின் மற்ற மூவர் சேர்ந்து தொடங்கிய லவ் அண்ட் ராக்கெட்ஸ் 1989-இல் அமெரிக்காவில் 3-ஆம் இடத்துப் பாடல் ஒன்றைக் கொடுத்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

சில ஆயிரம் பிரதிகளே விற்கும் கலைஞர் எப்படிப் பிழைக்கிறார்?

பெரிய நிறுவனத்தில் இருந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. நிறுவனம் கொடுக்கும் முன்பணமும் ஒலிப்பதிவுச் செலவும் கலைஞரின் ராயல்டியிலிருந்து கழிக்கப்பட்ட பிறகே அவர் கைக்கு ஒரு காசு வரும். கணக்குக்காகப் பிரதி ஒன்றுக்கு ஒரு பவுண்டு ராயல்டி என்று வைத்துக்கொண்டால், 50,000 பவுண்டு முன்பணம் வாங்கியவர் 50,000 பிரதிகள் விற்ற பிறகும் புதிதாக எதையும் பெறமாட்டார். குழுவோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே, விலகும் உறுப்பினரின் தனி ஆல்பத்தின் மீதும் நிறுவனத்துக்கு முதல் உரிமை உண்டு என்ற விதி பொதுவாக இருக்கும். குழுவின் பழைய கடன் தனி ஆல்பத்தின் கணக்கில் வந்து ஏறும் ஒப்பந்தங்களும் உண்டு.

நல்ல இடம் பெற்றாலும் நிறுவனம் கைகழுவிவிடலாம். டியர்ட்ராப் எக்ஸ்ப்ளோட்ஸ் குழுவின் ஜூலியன் கோப் 1992-இல் வெளியிட்ட 'ஜெஹோவாகில்' 20-ஆம் இடம் பெற்ற நிலையிலும் ஐலண்ட் நிறுவனம் அவரை விடுவித்தது. பின்னர் அவர் தம் சொந்த அமைப்பின் வழியே நேரடியாக விற்கத் தொடங்கினார்.

இவ்வழியில் மிக நீண்ட தூரம் நடந்தவர் வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் பீட்டர் ஹாமில். அவருடைய குழு பிரிட்டிஷ் பட்டியலில் ஒரே முறை, 1970-இல், 47-ஆம் இடத்தில் தலைகாட்டியது. இத்தாலியில் மட்டும் 1971-ஆம் ஆண்டின் 'பான் ஹார்ட்ஸ்' வாரக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது. 1971 முதல் தனி ஆல்பங்கள் வெளியிட்டு வரும் ஹாமில் 1992-இல் 'ஃபை' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, வீட்டு ஸ்டூடியோவில் தாமே பதிவு செய்து, தாமே வெளியிட்டு வருகிறார். செலவு குறைவு, இடைத்தரகர் குறைவு, ஒவ்வொரு பிரதியிலும் அவருக்குக் கிடைக்கும் பங்கு அதிகம்; பெரிய நிறுவனத்தில் தோல்வி எனப்படும் எண்ணிக்கை இங்கே ஓர் ஆண்டு வாழ்க்கைக்குப் போதுமானதாகிவிடுகிறது. ஃபிஷ்ஷும் 1990களில் சொந்த நிறுவனம் தொடங்கினார். அவருடைய பிற்கால ஆல்பங்கள் முக்கியமாக அவர் இணையதளத்தின் வழியே ரசிகர்களிடம் நேரே சென்றன. மரில்லியனும் 2001-இல் 12,000-க்கும் மேற்பட்ட ரசிகர்களிடம் ஆல்பத்துக்கான பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டுதான் அதைப் பதிவு செய்தது என்பதால், பிரிந்த இருவரும் கடைசியில் ஒரே வியாபார முறைக்கு வந்து சேர்ந்தார்கள் என்று சொல்லலாம்.

குழுவையே தாண்டி விற்றவர்கள் யார்?

1975-இல் ஜெனிசிஸ் குழுவிலிருந்து விலகிய பீட்டர் கேப்ரியல் 1977-இல் 7-ஆம் இடத்தில் தொடங்கி, 1980-இல் மூன்றாம் ஆல்பத்தால் முதலிடம் பெற்று, 1986-இன் 'சோ' ஆல்பத்தால் பிரிட்டனில் முதலிடத்தையும் அமெரிக்காவில் 2-ஆம் இடத்தையும் அடைந்தார். இதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஜெனிசிஸ் குழுவில் அவர் பூ வடிவத் தலையணி அணிந்து பாடிய காலத்தை அறியாதவர்கள். ரசிகர் கூட்டத்தை எடுத்துச் செல்லாமல் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டார் அவர்.

அண்மைக் காலத்தில் ஸ்டீவன் வில்சன் அவ்வாறே செய்தார். போர்க்குபைன் ட்ரீயின் 'ஃபியர் ஆஃப் எ பிளாங்க் பிளானட்' 2007-இல் 31, 2009-இன் 'தி இன்சிடென்ட்' 23. அதன் பிறகு குழுவை ஒதுக்கிவைத்துவிட்டு வெளியிட்ட தனி ஆல்பங்கள் 2011-இல் 34, 2013-இல் 28, 2015-இல் 13, 2017-இல் 3 என்று படிப்படியாக ஏறின. குழுவிலும் பாடகர், பாடலாசிரியர், தயாரிப்பாளர் மூன்றும் அவரே என்பதால் ஒலி முழுவதும் அவரோடு வந்துவிட்டது.

மிக மோசமாக விற்ற தனி ஆல்பம் எது?

ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் ரிச்சர்ட் தாம்சன் 1972-இல் வெளியிட்ட 'ஹென்றி தி ஹ்யூமன் ஃபிளை' தான் அமெரிக்காவின் வார்னர் நிறுவன வரலாற்றிலேயே மிகக் குறைவாக விற்ற ஆல்பம் என்று நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. தாம்சனே அதைச் சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. அவர் 2015-இல் 'ஸ்டில்' ஆல்பத்தால் 10-ஆம் இடத்துக்கு வந்தார்.

வினைல் தட்டும் பெட்டித் தொகுப்பும் விற்பனையை உயர்த்துகின்றனவா?

ஒரே ரசிகர் ஒரே ஆல்பத்தைக் குறுந்தகடாகவும், வண்ண வினைலாகவும், புத்தகத்தோடு கூடிய பெட்டியாகவும் வாங்கும்போது பட்டியலில் அது மூன்று விற்பனை. கல்ட் ரசிகர்கள் இப்படி வாங்கத் தயங்குவதில்லை என்பதே 2010களுக்குப் பிறகு இத்தகைய கலைஞர்கள் திடீரென்று முதல் ஐந்துக்குள் தென்படுவதற்கு ஒரு முக்கியக் காரணம். நுகர்வு மோகத்தைக் கேலி செய்யும் தம் 2021 ஆல்பத்துக்கு ஸ்டீவன் வில்சன் ஒரே ஒரு பிரதி மட்டும் கொண்ட பதிப்பைத் தயாரித்து 10,000 பவுண்டு விலை வைத்தார். அந்தத் தொகை சிறு இசை அரங்குகளைக் காக்கும் அறக்கட்டளைக்குப் போனது. ஆல்பம் 4-ஆம் இடம் பெற்றது.

பிரிந்தவர்கள் மீண்டும் கூடினால் என்ன ஆகும்?

தனி ஆல்பங்கள் சேர்த்துவைத்த கூட்டமும் பழைய கூட்டமும் ஒன்றாக வந்து நிற்கும் வாய்ப்பு உண்டு. ஐவரின் தனி ஆல்பங்களுக்குப் பிறகு வேக்மேனைத் திரும்ப அழைத்துக்கொண்ட யெஸ் குழுவின் 1977 ஆல்பம் முதலிடம் பெற்றது. வில்சனின் தனிப் புகழுக்குப் பிறகு 2022-இல் வந்த போர்க்குபைன் ட்ரீ ஆல்பம் 2-ஆம் இடத்தை எட்டியது. அந்தக் குழு அதற்கு முன் இருபதுக்குள்ளேயே வந்ததில்லை. ஜப்பான் குழுவினருக்கு அது வாய்க்கவில்லை. நால்வரும் மீண்டும் கூடியபோது பழைய பெயரைப் பயன்படுத்த சில்வியன் சம்மதிக்காததால், 1991-இல் அவர்களுடைய ஆல்பம் ரெயின் ட்ரீ க்ரோ என்ற புதிய பெயரில் வெளியாகி 24-ஆம் இடத்தோடு நின்றது.